பெயர் எழுதாத நோயாளர் தாள்

இதில் வரும் எவருடைய பெயரையும் நான் எழுதப் போவதில்லை. ஊரின் பெயரும் வராது, ஆண்டும் வராது. எண்பதுகளில், தருமபுரி மாவட்டத்தில், மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்த அரசு மருத்துவமனை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரை மறைத்துவிட்டாலே ஒருவரைக் காத்துவிட்டதாக நம்பியவன் நான். அந்த நம்பிக்கை ஒருவருக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சரிபார்த்தவற்றை மட்டுமே சொல்வேன். மனநல மருத்துவனுக்கு ஒரு தொழிற்குறை உண்டு. பிறர் சொல்லக் கேட்டதை நாளடைவில் தானே கண்டதாக நினைவில் கொள்வான். கேளாததை ஊகித்து, ஊகத்தைக் குறிப்பாக எழுதி, பின்பு அக்குறிப்பையே சான்றாகக் காட்டுவான். ஆகவே எனக்கு நானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். நான் கண்டும் கேட்டும் அன்றன்றே சட்டைப்பை நாட்குறிப்பில் எழுதியது சேரும். நான் இல்லாத இடத்தில் நடந்ததாயின், அங்கிருந்த இருவர் தனித்தனியே சொல்லி, இரண்டும் ஒத்திருந்தால் சேரும். மற்றவை எவ்வளவு நயமாக இருந்தாலும் சேரா.

அக்காலத்தில் நான் தருமபுரியில் அரசுப் பணியில் இருந்தேன். வியாழன்தோறும் காலைப் பேருந்தேறி அச்சிற்றூருக்குச் செல்வேன். மருத்துவமனையின் பின்புறம், பழைய சாமான்கள் கிடந்த அறையைத் துப்புரவு செய்து எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்குக் கதவு இல்லை. பச்சைத் துணித்திரை ஒன்று தொங்கும். வெளியே தண்ணீர்த் தொட்டியை ஒட்டி வேப்பமரத்தடியில் ஒரு மரப்பெஞ்சு. என்னைக் காண வருவோர் அதில் அமர்ந்திருப்பார்கள். பிறர் கண்ணில் படவேண்டாம் என்றுதான் பின்புறத்தில் இடம் ஒதுக்கினார்கள். ஆனால் தண்ணீர் பிடிக்க வருவோர் அனைவரும் அந்தப் பெஞ்சைக் கடந்துதான் போகவேண்டும். அதில் ஒருமுறை உட்கார்ந்தவங்க வூட்டுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க என்று ஊரில் ஒரு பேச்சே இருந்தது.

வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதுவேன். மருந்தாளுநர் அதற்கு எண் இடுவார். அவரை எல்லாரும் கம்பவுண்டர் என்றே அழைத்தார்கள். வியாழன் மாலை, நான் மேசைமேல் விட்டுச்சென்ற தாள்களை அடுக்கி, பழைய காயக்கட்டுத் துணியால் இறுக்கிக் கட்டி, மருந்தறைப் பரண்மேல் வைப்பது அவர் வழக்கம்.

அம்மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவர் ஒரு பெண்மணி, மகப்பேற்று மருத்துவர். அவர் அறையின் சுவரில் முன்னாள் பொறுப்பாளர்களின் பெயர்ப்பலகை இருந்தது. அதில் அவருக்கு முன் இருந்த பெயர்கள் யாவும் ஆண்களுடையவை. பொறுப்பேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. மலையூர்களிலிருந்து நடந்தும் கட்டிலில் சுமக்கப்பட்டும் வந்த கர்ப்பிணிகள் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே வருவார்கள். அவர் கைக்கு வந்த பிள்ளை கெடாது என்பார்கள். ஆனால் அந்தக் கைகளுக்கு வேறொரு பழக்கமும் இருந்தது. எவர் செய்யாமல் விட்ட வேலையையும் அவை எடுத்துச் செய்துவிடும். துப்புரவுப் பணியாளர் வரத் தாமதமானால், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மகப்பேற்று அறையில் அவரே பினாயில் ஊற்றித் தேய்ப்பார். வார்டு உதவியாளர் தேநீர் குடிக்கப் போய்த் திரும்பாவிட்டால், தள்ளுவண்டியை அவரே தள்ளுவார். கடிந்து ஒரு சொல் சொல்லமாட்டார்.

பணியாளர்கள் கெட்டவர்கள் அல்லர். பின்னொரு நாள் கம்பவுண்டர் என்னிடம் சொன்னார்: “அம்மா கையில வெளக்கமாத்தப் பாத்தா எங்களுக்கு வெக்கமாத்தாங்க இருக்கும். ஆனா நாலு தரம் வெக்கப்பட்டாச்சுன்னா, அப்புறம் அது பழகிருதுங்க.”

ஒரு வியாழன், கடைசி நோயாளர் சென்றபின், திரையை விலக்கிக்கொண்டு அந்த அம்மையார் வந்தார். ஐந்து நிமிடம் இருக்குமா என்று கேட்டார். நான் முக்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றார். அப்பையில் ஒரு விண்ணப்பம் இருப்பதாகச் சொன்னார். பொறுப்பிலிருந்து தம்மை விடுவித்து, வெறும் மருத்துவராக மட்டும் வைத்திருக்கும்படி கேட்கும் விண்ணப்பம். அடுத்த மாதாந்தரக் கூட்டத்திற்குத் தருமபுரி வரும்போது மேலதிகாரியிடம் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னார்.

“பிரசவம் பாக்கச் சொன்னா எத்தன வேணா பாப்பேங்க. ஆள் மேய்க்கச் சொன்னா எனக்கு வரல,” என்றார்.

அவர் விலகினால் பொறுப்பு அடுத்த மூத்தவருக்குப் போகும். அந்த மூத்தவர் தம் எண்ணத்தை என்னிடமே சொல்லியிருந்தார். சிக்கலான பேறுகள் எல்லாவற்றையும் தருமபுரிக்கு அனுப்பிவிடலாம், நமக்கு எதற்கு இந்தப் பழி என்பது அவர் கருத்து. மலையிலிருந்து ஒரு பகல் முழுதும் இறங்கி வந்தவளை மீண்டும் பேருந்தில் ஏற்றுவது என்பது அதன் பொருள். இது அம்மையாருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் விண்ணப்பம் பையிலேயே இருந்தது. கொடுக்கவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை. அதைச் சொல்லும்போது கண்ணீர் விட்டார். துடைத்துக்கொண்டு சிறிது பேசி, மறுபடியும் விட்டார்.

அவர் பேசப் பேச நான் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு அது மூச்சுவிடுவது போன்ற பழக்கம். எதிரில் ஒருவர் பேசினால் என் பேனா ஓடும். அவரும் மருத்துவர், நாளெல்லாம் பேனா ஓடுவதைப் பார்த்தவர். அதனால் அது அவர் கண்ணில் உறுத்தவில்லை. மேசைமேல் இருந்தது நோயாளர் தாள் ஒன்றே. அதில்தான் எழுதினேன். பெயர் என்ற இடத்தை மட்டும், மந்தணம் காப்பதாக எண்ணி, வெறுமையாக விட்டேன். அடுத்த இடங்களைக் கை தானாகவே நிரப்பிற்று. பெண். வயது. தொழில்: மருத்துவர். அதன்கீழ்: தூக்கம் குறைவு, முடிவெடுக்கத் தயக்கம், குற்றவுணர்வு, கண்ணீர், இருமுறை. கடைசி வரியில் மனச்சோர்வு என்று எழுதி, ஒரு கேள்விக்குறி இட்டேன்.

அந்த மருத்துவமனையில் பெண் மருத்துவர் அவர் ஒருவரே. இது எனக்குத் தெரியாததன்று. தாளில் பெயர் இல்லை, எனவே ஆளும் இல்லை என்றே பயிற்சி பெற்ற மூளை கருதியது. கூட்டம்வரை பொறுத்திருங்கள், அதற்குள் மறுபடி பேசுவோம் என்று சொல்லிவிட்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் தாள்களை மேசைமேல் விட்டு ஓடினேன். கம்பவுண்டர் வழக்கம்போல் வந்து, அடுக்கி, எண் இட்டு, கட்டினார். எண் இடும்போது படித்தார்.

அடுத்த வியாழன் சென்றபோது மருத்துவமனை வேறாக இருந்தது. நான் நுழையுமுன்னரே தரையெங்கும் பினாயில் மணம். தள்ளுவண்டியின் அருகே வார்டு உதவியாளர் நின்றுகொண்டிருந்தார். பொறுப்பு மருத்துவரின் மேசையில் எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்று இருந்தது. அதில் மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கஞ்சி. மூத்த செவிலியர் நாள்தோறும் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைக்கிறாராம். அம்மையார் என்னைக் கண்டதும் சிரித்தார். நீங்கள் என்ன மந்திரம் போட்டீர்கள், நான் ஒன்றுமே சொல்லவில்லை, எல்லாரும் தாமாகச் செய்கிறார்கள் என்றார். மனத்தில் இருந்ததை உங்களிடம் கொட்டியதில் என் முகமே மாறிவிட்டது போலிருக்கிறது என்றும் சொன்னார். நான் மறுக்கவில்லை. அன்றைய நாட்குறிப்பில், “பேச்சு பலன் தந்தது” என்று எழுதியிருக்கிறேன். மை சற்றும் மங்காமல் இன்றும் இருக்கிறது.

உண்மையில் நடந்தது வேறு. டாக்டரம்மாவுக்கு மனசு சரியில்லை என்ற செய்தி மருந்தறையிலிருந்து வார்டுக்கும், வார்டிலிருந்து அடுக்களைக்கும் போயிருந்தது. ஒருவரும் கேலி செய்யவில்லை. அதைக் கம்பவுண்டரும் மூத்த செவிலியரும் உறுதியாகச் சொன்னார்கள், அதை நம்புகிறேன். அவர்கள் இரங்கினார்கள். நோயாளிக்குச் செய்வது போலவே அவருக்கும் செய்யத் தலைப்பட்டார்கள். வேலையைத் தாங்களே முடித்தார்கள். உரக்கப் பேசுவதை விட்டார்கள். மனம் வருந்தும்படியான எச்செய்தியையும் அவர் காதுக்குக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அப்படிக் கொண்டுபோகாத செய்திகளில் ஒன்று, பிறந்த குழந்தையின் மூச்சுக்குழலிலிருந்து சளியை உறிஞ்சும் மின்கருவி பழுதாகிக் கிடக்கிறது என்பது.

இனி வருவதை நான் காணவில்லை. கம்பவுண்டரும் மூத்த செவிலியரும் தனித்தனியே சொல்லி, ஒத்துவந்ததை மட்டும் எழுதுகிறேன். நான் சென்று வந்த மூன்றாம் நாள் ஒரு தலைப்பேறு. குழந்தை நீலம் பாய்ந்து, அழாமல் பிறந்தது. அம்மையார் கருவியின் விசையைத் தட்டினார், அது ஓடவில்லை. வாயால் உறிஞ்சும் குழாய் ஒன்று தட்டில் இருந்தது. ஒரு முனையைக் குழந்தையின் வாயில் விட்டு, மறுமுனையைத் தம் வாயில் வைத்து உறிஞ்சினார். குழந்தை அழுதது. அது அழுத பிறகே அவர் திரும்பி, இது எத்தனை நாளாக இப்படிக் கிடக்கிறது என்று கேட்டார். ஆறு நாள் என்றார் மூத்த செவிலியர். ஏன் சொல்லவில்லை என்றார்.

“ஒடம்பு சரியில்லாதவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணறதுன்னு இருந்துட்டோமுங்க.”

“யாருக்கு ஒடம்பு சரியில்ல?”

செவிலியர் தலை குனிந்தார். வாயிலில் நின்ற கம்பவுண்டர்தான் தாளைப் பற்றிச் சொன்னார். அம்மையார் கை கழுவப் போய்விட்டார். அங்கே அழுதார் என்று ஒருவர் சொன்னார். மற்றவர் அதைப் பார்க்கவில்லை. ஆதலால் அதை விட்டுவிடுகிறேன்.

இவை ஒன்றும் அறியாமல் அடுத்த வியாழன் நான் போய் இறங்கினேன். பின்புறம் வந்தபோது, வேப்பமரத்தடிப் பெஞ்சில், நோயாளர்களுக்கு நடுவே, வெள்ளை மேலங்கி இல்லாமல் அவர் உட்கார்ந்திருந்தார். கையில் ஓ.பி. சீட்டு. யாரேனும் நோயாளரோடு பேச வந்திருப்பார் என்று நினைத்து, உள்ளே வாருங்கள் என்றேன்.

“சீட்டு வாங்கியிருக்கேங்க. கூப்பிடறப்ப வர்றேன்,” என்றார்.

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். கதவில்லாத அறை, வெளியே பேசுவதெல்லாம் கேட்கும். மனைவியைக் கூட்டிவந்திருந்த குடியானவர் ஒருவர் அவருக்கு வழிவிட முனைந்தார்.

“நீங்க முன்னால போங்க டாக்டரம்மா. எங்களுக்கு பஸ்ஸு மத்தியானந்தானுங்க.”

“உங்களுக்கு முன்னால வந்தது யாருங்க?”

“மலையிலருந்து இந்த அண்ணன் வந்திருக்காருங்க.”

“அப்ப அவரு, அப்புறம் நீங்க, அப்புறந்தான் நானு.”

அக்குடியானவர் தம் மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னது கேட்டது: “பாத்தியா, டாக்டரம்மாவே வந்து ஒக்காந்திருக்கறாங்க. நீ என்னமோ இந்தப் பெஞ்சுக்கு வரமாட்டேன்னு அழுத.”

அப்போதுதான் எனக்குத் தாள் நினைவுக்கு வந்தது. நான் நோயாளி இல்லை என்று அம்மையார் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல நியாயமும் இருந்தது. சொல்லவில்லை. எந்த வூரும்மா, சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டிருந்தார். முன் இருவரையும் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் அவர் அங்கேயே இருந்தார். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தோடு நின்று பார்த்துப் போனார்கள்.

முறை வந்ததும் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். பரண்மேல் இருந்த கட்டு, முன்னரே மேசைக்கு வந்திருந்தது. அதை அவிழ்க்கச் சொன்னார். காயக்கட்டுத் துணியின் முடிச்சு என் விரலுக்கு வசப்படவில்லை. அவரே வாங்கி அவிழ்த்துக் கொடுத்தார். தம் தாளை எடுத்துப் படிக்கச் சொன்னார்; மெதுவாகப் படித்தால் போதும், எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததுதான் என்றார். நான் கேள்விக்குறி வரைக்கும் படித்தேன்.

“எல்லாம் நான் சொன்னதுதாங்க. ஒண்ணும் பொய்யில்ல. ஆனா நான் யாருகிட்ட சொன்னேன்? மூளை டாக்டர்கிட்டயா, கூட வேல பாக்கறவருகிட்டயா?”

கூட வேலை பார்க்கிறவனிடம்தான் என்றேன்.

“அப்ப இது எப்படிங்க இந்தக் கட்டுல வந்துச்சு?”

பிழை என்னுடையது என்று மட்டும் சொன்னேன். அரசுத் தாளைக் கிழிக்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே அதன் அடியில் எழுதினேன்: “இத்தாளில் குறிக்கப்பட்டவர் என் நோயாளர் அல்லர்; உடன் பணிபுரிபவர். பணி பற்றி என்னிடம் கலந்து பேசினார். அதை நோயாளர் தாளில் எழுதியது என் பிழை.” நாளிட்டுக் கையொப்பமிட்டேன். அவர் வாங்கிப் படித்தார். மனச்சோர்வுக்குப் பக்கத்தில் இருந்த கேள்விக்குறியின்மேல் விரலை வைத்து, இதற்கு என்ன விடை என்று கேட்டார்.

“அழற மாதிரி வேல இருந்துச்சு, அழுதீங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியலீங்க,” என்றேன்.

தலையசைத்தார். பிறகு எழுந்து திரையை விலக்கினார். அங்கே மூத்த செவிலியர் தூக்குப்போசியோடு நின்றுகொண்டிருந்தார், பின்னால் கம்பவுண்டர். அம்மையார் செவிலியரை நேராகப் பார்த்தார்.

“சிஸ்டர், இனிமே இந்த ஆஸ்பத்திரில ஒரு சாமான் ஒடஞ்சா அன்னிக்கே எனக்குத் தெரியணும். நான் அழுதாலும் தெரியணும்.”

“சரிங்கம்மா.”

“கஞ்சியும் இனிமே வேண்டாம்.”

செவிலியர் போசியைப் பார்த்தார். “அது ஆஸ்பத்திரி சாமான் இல்லீங்களே,” என்றார்.

கம்பவுண்டர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மையார் சிரித்தேவிட்டார். அன்று அக்கஞ்சியில் பாதி எனக்கு வந்தது.

மாலை, பேருந்து நிறுத்தத்துக்கு நான் புறப்பட்டபோது, இனியும் என்னோடு பேசுவீர்களா என்று கேட்டேன். பேசலாம், பேனாவை உள்ளே வைத்துவிட்டு வாருங்கள் என்றார். பேனாவை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வந்தேன். மருத்துவமனையிலிருந்து நிறுத்தம்வரை புளியமர நிழலில் பத்து நிமிட நடை. அதற்குப் பின் வியாழன்தோறும் அந்தப் பத்து நிமிடமே எங்களுக்கு வாய்த்த நேரம். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு செய்தி: யாரிடம் என்ன சொல்லவேண்டியிருக்கிறது, அதை எப்படிச் சொல்வது. முதல் வாரம், துப்புரவுப் பணியாளரின் பழைய தாமதம்; பரிதாபம் தீர்ந்ததும் அது திரும்பிவரும் என்று இருவருக்கும் தெரியும். நான் அப்பணியாளராக நடித்தேன். பஸ்ஸு வரலீங்கம்மா, புள்ளைக்குச் சொகமில்லீங்கம்மா என்று ஒவ்வொன்றாகச் சாக்குச் சொன்னேன். இரண்டாவது சாக்கிலேயே அவர், சரி நானே பெருக்கிக்கொள்கிறேன் என்றுவிட்டார். நடுச்சாலையில் நின்று இருவரும் சிரித்தோம். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

அந்த வாரம் பணியாளர் தாமதமாக வந்த காலையில் அம்மையார் துடைப்பத்தைத் தொடவில்லை. மகப்பேற்று அறை வாயிலில் கைகட்டி நின்றார். பணியாளர் வந்ததும், “உங்களுக்காகத்தான் நின்னுட்டிருக்கேன்,” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. செவிலியரும் கம்பவுண்டரும் இச்சொற்களை ஓரெழுத்து மாறாமல் சொன்னார்கள். அதன்பின் அந்தப் பணியாளர் ஒருநாளும் தாமதிக்கவில்லை என்று எழுத ஆசைதான். தாமதித்தார்; ஆனால் குறைவாக. அம்மையாரும் ஒவ்வொரு முறையும் நின்றார்.

மாதாந்தரக் கூட்டம் வந்தது. நானும் அங்கே இருந்தேன். அவர் எனக்கு எதிர் வரிசையில், அதே கைப்பையை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் என்ன பேசினார்கள் என்பது என் நாட்குறிப்பில் இல்லை. நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலும். எவருக்கேனும் சொல்ல வேண்டியது உண்டா என்று மேலதிகாரி கேட்டபோது அவர் எழுந்தார். பையைத் திறக்கவில்லை. சளி உறிஞ்சும் கருவி ஒன்று உடனே வேண்டும் என்றார். பார்ப்போம் என்றார் அதிகாரி. என்றைக்குப் பார்ப்பீர்கள் என்று கேட்டார் அம்மையார். அறையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வாரத்துக்குள் என்று விடை வந்த பிறகே உட்கார்ந்தார்.

நான் அந்த மாவட்டத்தை விட்டு மாற்றலாகும்வரை பொறுப்பில் அவர்தான் இருந்தார். சிக்கலான பேறுகளும் அங்கேயே நடந்தன.

பின்னாளில் என் தொழில் வேறு திசைக்குத் திரும்பியது. மருத்துவமனைகளின் தலைமையை ஏற்கும் மருத்துவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் அப்பணியைப் பழகத் துணைநிற்பதே முழுநேர வேலையாயிற்று. கோச்சிங் என்று அதற்கு ஒரு பெயர் வந்தது. அரங்குகளும் சான்றிதழ்களும் வந்தன. எவ்வளவு பெரிய மருத்துவர் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றே: என்னிடம் நோயாளராக வந்திருக்கிறீர்களா, உடன் பணிபுரிபவராக வந்திருக்கிறீர்களா? இரண்டாவது என்றால் பேனாவை எடுத்து வேறோர் அறையில் வைத்துவிட்டு வருவேன். சிலர் இதை ஒரு நுட்பம் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

இதை எழுதலாமா என்று கேட்டு அந்த அம்மையாருக்கு அண்மையில் மடல் எழுதினேன். ஓர் அஞ்சலட்டையில் மறுமொழி வந்தது: “எழுதுங்க. பேரை மட்டும் விட்டாப் போதாது, வயசையும் விட்டுடுங்க.” விட்டுவிட்டேன்.

அம்மடலில் வேறு இரண்டும் கேட்டிருந்தேன். பையில் இருந்த விண்ணப்பத்தைப் பிறகு என்ன செய்தீர்கள் என்பது ஒன்று. அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என்மேல் கோபம் இருந்ததா, அது எப்போதாவது தணிந்ததா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அவர் விடை எழுதவில்லை.

விண்ணப்பம் கிழிக்கப்பட்டதா, இன்னும் எங்கேனும் மடிந்து கிடக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. அவர் என்னை மன்னித்தாரா என்பதும் தெரியாது. அந்தக் குடியானவரின் மனைவி மூன்று முறை வந்தாள், அதற்குப்பின் வரவில்லை. குணமாகி நின்றாளா, வேறு காரணமா என்பதற்குத் தாளில் குறிப்பு இல்லை. அன்று நீலமாகப் பிறந்த குழந்தை ஆணா பெண்ணா என்பதைச் செவிலியரும் கம்பவுண்டரும் இருவிதமாகச் சொல்கிறார்கள்.